வாசல் கல்லுக்குக் கீழே

அருணுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. அனுப்பும் செய்திகளைப் பார்த்துவிட்டாய் என்று மட்டும் தெரிகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் உன் அம்மா வாராவாரம் விடாமல் வாங்கும் இந்த இதழுக்கே எழுதி அனுப்புகிறேன். அவள் கடைசிப் பக்க ராசிபலனில் தொடங்கி முன்பக்கம் நோக்கி வருவாள். எப்படியும் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஊரார் படிப்பார்களே என்று உனக்குக் கோபம் வரும். படிக்கட்டும். நம் வாசலுக்குக் கீழே இருப்பது பாதி ஊர் வாசலுக்குக் கீழேயும் இருக்கிறது. அதன் மேல் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியது மட்டும்தான் நம் வீட்டுச் சிறப்பு.

வளைகாப்புப் பத்திரிகை உன் சித்தி வழியாக எனக்கு வந்தது. ஒன்பதாம் மாதம், வீட்டு வாசலில் பந்தல், கன்னியம்மன் சந்நிதியில் ஹோமம் என்று போட்டிருக்கிறது. உன் மாமாவின் பெயர் தலைப்பில். என் பெயர் எங்கே என்று தேடினேன். 'மற்றும் உற்றார் உறவினர்' என்ற வரியில் நானும் இருப்பதாக எடுத்துக்கொண்டேன். அது போகட்டும். பத்திரிகையோடு என் மருமகள் நித்யாவின் படம் ஒன்றையும் சித்தி அனுப்பியிருந்தாள். வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள், முகத்தில் தாய்மையின் களை. எல்லாரும் அந்த முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். நான் காலைப் பார்த்தேன். உங்கள் கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்த வெள்ளிக் கொலுசு, அடுப்புக் கரியில் புரட்டி எடுத்ததுபோல் கறுத்துக் கிடந்தது. கால்விரலில் மெட்டியும் அப்படியே.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். வெள்ளி எதனால் கறுக்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன். கடற்காற்றில் வெள்ளி மங்கும், அது வேறு. இப்படிக் கறுப்பதற்கு வீட்டுக்குள் கந்தகம் கலந்த காற்று வர வேண்டும். அழுகிய முட்டை வாசனை அடிக்கும் காற்று. எங்களுக்கு எந்த வாசனையும் தெரியவில்லையே என்பாய். அந்தக் காற்றிலேயே இருப்பவனின் மூக்கு சீக்கிரம் சலித்துப்போகும். கறுப்பைத் திருஷ்டி என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். பூஜை அறைக் காமாட்சி விளக்கு கறுத்தபோதும் அதைத்தான் சொன்னாள். திருநீறு போட்டுத் தேய்த்துத் தேய்த்து, மறுவாரமே மறுபடி கறுத்ததும், யாரோ நம்மைப் பார்த்து வயிறெரிகிறார்கள் என்று பெயர்ப் பட்டியல் போட்டாள். அதில் என் தங்கை பெயர் முதலில் இருந்ததை நான் மறக்கவில்லை.

இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். திருப்போரூரிலிருந்து கடலுக்குப் போகும் சாலையில், உப்பங்கழியைத் தாண்டி மணல் தொடங்கும் இடத்தில் நமக்கு மனை. வீடு கட்டிக் கொடுத்தவர் உன் மாமா. செப்டிக் டேங்கைப் பின்பக்கம் வைக்கலாம் என்றேன். பின்பக்கம் நாளைக்கு இன்னொரு போர்ஷன் இறக்கி வாடகைக்கு விடலாம் என்று வாசலில் தோண்டினார். அதோடு விட்டாரா? தொட்டியின் மூடியைக் காங்கிரீட்டில் ஊற்றி, அதன் மேலேயே வாசல் முழுக்க டைல்ஸ் ஒட்டினார்.

"வாசல்ல மூடி தெரிஞ்சா வூட்டு லட்சணமே பூடும் மாப்ள. தெனமும் தொறந்து உள்ள எட்டிப் பாக்கப் போறியா இன்னா?"

"நாளைக்கு லாரி வந்தா எங்கே திறக்கறது?"

"அத்த அப்பப் பாத்துக்கலாம். சுத்தியல் இல்லாத ஊரா இது?"

கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் டைல்ஸைப் புகழ்ந்தார்கள். பிறகு மாடி கட்டியபோது, தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாய் மாடி ஜன்னலுக்கு நேராக வந்தது. குடிவந்தவர்கள் நாற்றம் என்றார்கள். குழாயை உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும். உன் மாமா அதைப் பாதியில் அறுத்து, ஒரு மூடியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். ஒரு மனிதனின் வாயையும் மூக்கையும் பொத்திவிட்டு, இப்போது அமைதியாக இருக்கிறான் பார் என்று சொல்வதுபோல அது.

ஆடி அமாவாசை உனக்கு நினைவிருக்கும். நீ மறைமலைநகர்க் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாய். இன்னும் முழுக்க இருட்டவில்லை. உன் அம்மா பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றி வீட்டுக்குச் சுற்றினாள். உன் மாமா வாங்கி வாசலில் போட்டு உடைத்தார். எரியும் கற்பூரம் உருண்டு டைல்ஸ் இடுக்கில் போய் நின்றது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுபோல ஒரு சத்தம். பிறகு அந்த இடுக்கு வழியாகவே நெருப்பு ஓடியது. நேராகப் போய்த் திரும்பியது, மறுபடி திரும்பியது, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. நம் கண்ணெதிரே தரையில் ஒரு சதுரம் எழுதி முடித்தது. நீல நிறம், புகை இல்லை. கணுக்கால் உயரத்துக்கு அசையாமல் நின்றது. அந்தச் சதுரத்தைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உங்கள் யாருக்கும் நினைவுக்கு வராதது எனக்கு நினைவுக்கு வந்ததுதான் காரணம். டைல்ஸுக்கு அடியில் புதைத்த மூடியின் அளவு அது.

"ஆத்தா! கன்னியம்மா!" என்று உன் மாமா அப்படியே தரையில் விழுந்தார். "கட்டம் கட்டி எடம் காட்டுறா பாருங்க! எங்கன குந்தணும்னு அவளே சொல்லிக்கினு கீறா!"

"அது மூடியோட விளிம்பு. உள்ளே தேங்கின கேஸ் இடுக்கு வழியா வந்து எரியுது. எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்றேன்.

"வாய மூடுங்க!" என்றாள் உன் அம்மா. அவள் என்னிடம் அப்படிக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "சாமி வந்து நிக்குற நேரத்துல கக்கூஸ் பேச்சு பேசுறீங்களே!"

நீ என்னையும் பார்த்தாய், அவளையும் பார்த்தாய். கடைசியில் கை கூப்பினாய்.

அந்த வாரமே கல் வந்தது. உன் மாமா கழி ஓரத்திலிருந்து எடுத்துவந்து சதுரத்தின் நடுவில் சிமென்ட் வைத்து நட்டார். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, முன்னால் ஓர் அகல். வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். அதுவரை கடன்காரன் தவிர யாரும் தேடாத உன் மாமாவை ஊர் தேடி வந்தது. நான் கவனித்ததெல்லாம் அந்த அகலை. மற்ற விளக்குகளின் சுடர் மேல்நோக்கி நிற்கும். இது தரையை நோக்கிச் சாயும், அடியில் யாரோ அழைப்பதுபோல. சில நாள் சட்டென்று ஒரு முழம் எழும்பி அடங்கும். காற்றே இல்லாத பகலில் யாரோ ஊதியதுபோல அணையும். மாடியில் யாராவது தண்ணீர் ஊற்றினால், கீழே நம் குளியலறைத் தரைச் சல்லடையில் தொண்டை கனைக்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டு உன் அம்மா, "தோ, பேசுறா" என்பாள். கல்லை ஒட்டி இருந்த மல்லிச்செடி பருவம் பாராமல் பூத்துக் கொட்டியது. அருள் என்றார்கள். அதன் வேர் எங்கே போய் எதைக் குடிக்கிறது என்று நினைத்து, அந்தப் பூ வைத்த தலையின் பக்கத்தில் என்னால் படுக்க முடியவில்லை.

ஒரு செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறியியல் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது. விழுவதில் கனமானது அடியில் கசடாகத் தங்கும். எண்ணெய்ப்பசை மேலே ஆடையாகப் படியும். நடுவில் உள்ள நீர் மட்டும் மறுபக்கம் வழிந்து மண்ணில் இறங்கும். கசடைத் தின்று குறைக்கக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உள்ளே இருக்கின்றன. அவை தின்னும்போது விடும் மூச்சுதான் அந்தக் காற்று. எனவே அந்தக் காற்று மேலே போக வழி வேண்டும். கசடு ஏறிக்கொண்டே வருவதால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் அது நீரோடு போய் மண்ணின் வாயை அடைக்கும், பிறகு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பும். இவ்வளவுதான். இதில் நம்பிக்கைக்கும் அவநம்பிக்கைக்கும் வேலையே இல்லை. நம் தொட்டி கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை.

நான் திறக்க முயன்றேன். அந்தக் காலையை நீ வேண்டுமென்றே மறந்திருப்பாய். லாரியை நான் அழைத்து வந்தேன். டிரைவர் இறங்கிக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது? குழி எங்கன்னு கேட்டா கோயில காட்டுற?"

"குழி அதுக்குக் கீழேதான் இருக்கு."

"அப்ப அம்மன எழுப்பி அந்தாண்ட குந்த சொல்றதுக்கு என்ன கூப்புட்டியா? நானே லோன்ல வண்டி ஓட்டிகினு கீறேன் சார். ஆள வுடு."

அதற்குள் உன் மாமா பனியனோடு ஓடி வந்தார். எதிர்வீட்டு மீன்காரச் செல்வி கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். தெருவே கூடிவிட்டது. "மாப்ள, நீ படிச்சவன்தான், நான் இல்லேங்கல. படிச்சவன் வூட்லதான் அவ வந்து குந்தினா. அந்த மருவாதி கூட உனக்கு வோணாமா?" என்றார் உன் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். கடப்பாரை கையில் இருக்க, தள்ளிப்போங்கள் என்று நான் கத்தினேன். உன் அம்மா கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீ மாடிப்படியிலிருந்து, "அப்பா, விடுங்கப்பா. அசிங்கமா இருக்கு" என்றாய். வாசலுக்குக் கீழே அத்தனை வருடக் கழிவு நிறைந்து கிடந்தது, உனக்கு அசிங்கமாகப் பட்டது நான். அன்று மாலையே கல்லூரிக்கு அருகில் ஓர் அறை பார்த்துக்கொண்டேன். நான் கத்தியிருக்கக் கூடாது என்று உன் அம்மா இன்றும் சொல்வாளாம். இன்னும் உரக்கக் கத்தியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், இரண்டு காரணம். ஒன்று அந்தக் கொலுசு. வயிற்றுப்பிள்ளைக்காரி அந்தக் காற்றைத்தான் தூங்கும்போதும் இழுக்கிறாள். அவளுக்கு அடிக்கடி தலைவலி, குமட்டல் என்று சித்தி சொன்னாள். மசக்கை என்று விட்டுவிட்டீர்கள். ஒன்பதாம் மாதத்தை நெருங்கியும் மசக்கையா? மற்றது அந்த ஹோமம். மூச்சு முட்ட மூடிவைத்த ஒரு தொட்டியின் நெற்றியிலேயே செங்கல் அடுக்கி, நெய் ஊற்றித் தீ வளர்க்கப் போகிறீர்கள். சுற்றி நூறு பேர், பக்கத்து மணையில் நித்யா. வெடித்தே தீரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வெடிக்காது என்று உன் மாமாவைச் சத்தியம் செய்யச் சொல். அவர் தயங்காமல் செய்வார், அதுதான் எனக்குப் பயம்.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் அங்கே வந்தேன். நீங்கள் ஸ்கேனுக்குப் போயிருந்தீர்கள் என்று பிறகு தெரிந்தது. கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தபடி நின்றேன். நல்ல வெயில். தெருவில் நாய்கூட இல்லை. அகல் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். அகல் காய்ந்து கிடந்தது. திரி கருகிப்போயிருந்தது. சுடர் மட்டும் அகலுக்கு ஒரு விரல் தள்ளி, இடுக்கின் மேல், வெயிலில் தெரிந்தும் தெரியாமலும் நின்றிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. செல்வி.

"இன்னா வாத்யாரே, வந்துட்டியா? அவதான் உன்ன இஸ்தாந்துட்டா."

"எண்ணெய் யார் ஊத்தறது?"

"யாரும் ஊத்தறதில்ல. ரெண்டு மாசமா அவளே எரிஞ்சிகினு கீறா. இத்தப் பாக்க எங்கெங்கேந்தோ வராங்க." பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "முன்ன மாதிரி இல்ல வாத்யாரே. முன்ன எப்பனா பேசுவா. இப்ப நிறுத்தாம பேசுறா. செவுத்துல காத வெச்சிக் கேளு. ராவுல நான் இந்தப் பக்கமே வரதில்ல. யாராண்ட சொல்றது?"

காம்பவுண்டுச் சுவரில் காதை வைத்தேன். வெயிலில் சுவர் சுட்டது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டது. குமிழி உடையும் சத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது குமிழி மாதிரி இல்லை. மிகப் பெரிய ஒன்று, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, சீராக இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல இருந்தது. நடுவில் ஒருமுறை நின்றது. நாங்கள் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு நீண்ட நேரம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. செல்வி என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். நான் கை கூப்பியிருந்தேன். எப்போது கூப்பினேன் என்று தெரியவில்லை. யாரிடம், எதற்கு என்று என்னைக் கேட்காதே. பிள்ளை பிறக்கும் வரை பொறு என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

ஆனால் பொறுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆகவே செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். இதைப் படித்த உடனே நித்யாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பு, சாக்கு எதுவானாலும் சரி. மாடியில் குடியிருப்பவர்களையும் ஒருநாள் வெளியே இருக்கச் சொல். வாசலை மறித்துக் கயிறு கட்டி யாரையும் அண்ட விடாதே, எரிந்துகொண்டிருக்கும் சுடரை நீயே அணைக்கப் போகாதே. தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து நின்ற பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். காற்றுக் குழாயின் அடைப்பை அவர்கள் எதிரிலேயே எடுக்க வேண்டும். திறந்தபின் வெகுநேரம் அப்படியே விட்டுவிடு. பீடி, ஊதுவத்தி, போன் வெளிச்சம் எதுவும் பக்கத்தில் கூடாது. லாரிக் குழாய் மட்டுமே உள்ளே போக வேண்டும். எந்த மனிதனும் இறங்கக் கூடாது. அடியில் கட்டியாக இருக்கிறது, ஒரு ஆள் இறங்கினால் நொடியில் முடியும் என்று உன் மாமா யாரையாவது கூட்டிவருவார். இறங்குகிறவன் ஏணியின் நடுவிலேயே சத்தமில்லாமல் சரிவான். அவனைத் தூக்கப் போகிறவனும் சரிவான். இறங்குகிறேன் என்று அவனே சொன்னாலும் விடாதே. முழுக்க வழித்து எடுக்காமல் அடியில் கொஞ்சம் கசடை விட்டுவை, அந்த உயிர்கள் மறுபடி பெருக வேண்டும். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் முடித்துவிடு. நம் மணலில் நீர் மேலேறியிருக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், கீழிருந்து வரும் அழுத்தத்தில் தொட்டியே விரிந்து எழும்பிவிடும்.

அதற்குப் பிறகு குழாயை மாடிக்கும் மேலே உயர்த்திக் கொசுவலை கட்டு. மூடியைத் திறக்கிற மாதிரி வைத்து, இடுக்கு விடாமல் பொருந்த உட்காரச் செய். மல்லிச்செடியை வேரோடு எடு. கக்கூஸில் ஆசிட்டும் பிளீச்சிங்கும் கொட்டாதீர்கள், உள்ளே இருக்கும் உயிர்கள் சாகும். நாப்கின், ஈரத்தாள், தலைமுடி, பொரித்த எண்ணெய் எதுவும் போகக் கூடாது. பிள்ளை வந்ததும் டயாபரைச் சுருட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்று தோன்றும். தோன்றக் கூடாது. மாடியிலிருந்து வரும் மழைத்தண்ணீரை அதில் திருப்பாதே. பயன்படுத்தாத குளியலறைச் சல்லடைகளில் வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீர் ஊற்று. சல்லடைக்கு அடியில் தேங்கி நிற்கும் அந்தத் தண்ணீர் காய்ந்தால், காற்று வீட்டுக்குள் வர அதுவே வழி.

இதெல்லாம் நீ செய்வாய் என்று நம்புகிறேன். நீ செய்ய முடியாதது ஒன்று உண்டு, அது எனக்குத் தெரியும். கல்லில் நீ கை வைக்க மாட்டாய். உன் அம்மா மறுபடி அதைக் கட்டிக்கொண்டு உட்காருவாள், நீ மறுபடி மாடிப்படியில் நிற்பாய். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் சாமி கல்லை அசைத்தார்கள் என்ற பேச்சு, நாளைக்குக் குழந்தைக்கு ஒரு தும்மல் வந்தாலும் உன்னைத்தான் சுற்றும். அதனால் ஏழு கன்னிமார் கல் இருக்கும் கரையோரக் கன்னியம்மன் கோயில் பூசாரியைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், காற்றையும் சேர்த்து. அவர் தாடையைச் சொறிந்தார். "ஏழு பேரு கீறாங்க. எட்டாவது ஒருத்தி வந்தா எடமா இல்ல? கொண்டா வாத்யாரே" என்றார்.

கல்லை நான் பெயர்க்கிறேன். இந்த இதழ் வெளியாகும் வாரத்து வெள்ளிக்கிழமை காலை தீயணைப்பு வண்டியும் வேறொரு லாரியும் வரும், பேசிவிட்டேன். தீயணைப்புக்காரர்கள் சுடரை அணைத்துக் காற்றைச் சோதித்துச் சரி என்ற பிறகு, பொறி பறக்காதபடி சிமென்ட்டை நீர் தெளித்துத் தெளித்து உளியால் மெதுவாக உடைத்தெடுத்து, நான் தூக்கிக்கொண்டு போவேன். உன் அம்மாவிடம் சொல், உனக்கு இதில் சம்பந்தமே இல்லை, அந்த மனுஷன் வீம்புக்கு வந்து செய்கிறார் என்று. மாமாவிடமும் அதையே சொல். பாவம் என்று ஒன்று இருந்தால் அது யார் கையில் கல் இருக்கிறதோ அவரைத்தான் பிடிக்கும், பிள்ளையைத் தேடிப் போகாது. இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? இதையும் என் தலையில் எழுதிவிடுங்கள். நீ கேட்டை மட்டும் திறந்து வை.

அப்பா